மாமா வாசிச்சது தப்பில்லை: ஒரு திருத்தக் குறிப்பு

போன மாசம் தூத்துக்குடி மெல்லிசைக் குழுக்களைப் பற்றி இங்கே எழுதும்போது ஒரு வரி போட்டிருந்தேன். 'எழுபதுகளின் உள்ளூர் டிரம்மர்கள் பல பாட்டுகளில் பேஸ் டிரம்மைத் தப்பாகவே வாசித்தார்கள்' என்று. ஆதாரம் என் மாமா. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்த்தவர், ராத்திரியில் கச்சேரி டிரம்மர். யாரோ அதை அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டாங்க. ரெண்டு வாரம் என் போனை எடுக்கல. திரும்பப் போய்ச் சரிபார்த்ததில் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. அதைத்தான் இப்போ எழுதுறேன்.

முதல்ல ஒரு பூகோள விஷயம். தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் கொழும்பு சுமார் 280 கிலோமீட்டர். சென்னை சுமார் 530. 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கும் வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் எங்க ஊரில்தான் கப்பல் ஏறினார்கள். தோணிகள் அதற்குப் பிறகும் போய் வந்தன. அதனால் சினிமாப் பாட்டு எங்களுக்குக் கிழக்கே இருந்து, கடல் தாண்டி வந்ததில் ஆச்சரியமில்லை.

இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பு அருகே ஏகலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் பின்னாளில் ரேடியோ சிலோனுக்கு வந்தது. இங்கே 1952-ல் அமைச்சர் கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஓரங்கட்ட, நேயர்கள் மொத்தமாக இலங்கைப் பக்கம் சாய்ந்தார்கள். 1957-ல் விவித் பாரதி வந்த பிறகும் எங்க கடற்கரை மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்களை விடவில்லை. 1972-ல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனபோதும் எங்க வீட்டில் அதன் பேர் 'சிலோன்' மட்டும்தான்.

அந்த சிலோன்தான் மாமாவுக்கு டிரம்ஸ் வாத்தியார். நோட்ஸ் கிடையாது. ரிகார்டு பிளேயர் வாங்க வசதி கிடையாது. பாட்டு ஒரு தடவை வரும், போயிடும். சிற்றலை வேற, நடுவுல அலை மாதிரி மங்கி மங்கி எழும். அதனால மூணு பேர் பிரிச்சுக்கிட்டாங்களாம். ஒருத்தன் முன்னிசை, ஒருத்தன் இடையிசை, மாமாவுக்கு ரிதம் மட்டும். வாயாலயே 'டும் டக்கு'ன்னு சொல்லி மனசுல ஏத்திக்கிறது. தவில்காரர் சொற்கட்டு படிக்கிற அதே வழி. பாட்டு மறுபடி வேணும்னா நேயர் விருப்பத்துக்குக் கடிதம் போடணும். பேர் வாசிக்கப்படணும் என்கிற ஆசை பாதி, அந்த ரோல் இன்னொரு தடவை காதுல விழணும் என்கிறது பாதி.

யாரைப் பார்த்துக் கத்துக்கிறோம் என்பதே அவங்களுக்குத் தெரியாது. எம்.எஸ்.வி.யின் குழுவில் வாசித்த நோயல் கிராண்ட், பிறகு இளையராஜாவிடம் வாசித்த புருஷோத்தமன், இந்தப் பேர்களையெல்லாம் பொதுவாக ரிகார்டு உறையில் போட மாட்டார்கள். மாமா புருஷோத்தமன் என்ற பேரைக் கேள்விப்பட்டபோது அவருடைய வாசிப்பைப் பத்து வருஷம் மேடையில் வாசித்து முடித்திருந்தார்!

இனி என் தப்பு. ஒரு பாட்டு (பேர் வேண்டாம், சண்டைக்கு வருவீங்க). மாமா அதில் ஒவ்வொரு சுற்றிலும் பேஸ் டிரம்மை ஒரு அடி கூடுதலாக வாசிப்பார். 2019-ல் வெளியான ஸ்ப்ளீட்டர் என்ற இலவச மென்பொருள் பாட்டிலிருந்து டிரம்ஸை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். பிரித்துக் கேட்டேன். அந்த அடி இல்லை. உடனே 'தப்பு' என்று எழுதிவிட்டேன். இன்ஜினியர் புத்தி.

நான் கேட்டது ஹெட்போனில். மாமா கேட்டது கைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டரில். பேஸ் டிரம்மின் கனம் 60 - 100 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்தக் குட்டி ஸ்பீக்கர் 200-க்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அதனால் அதே பாட்டை 200-க்குக் கீழே வெட்டி, மேலேயும் 4,000-த்தோடு நிறுத்தி, ஒற்றைச் சேனலாக்கி மறுபடி கேட்டேன். கேட்டது அந்த அடி! பேஸ் கிட்டார் தந்தியைச் சுண்டும் சத்தம் அது. அடிப்பகுதி போய்விட்டதால் எது டிரம், எது தந்தி என்று பிரிக்க முடியவில்லை. ரெண்டுமே ஒரே 'டப்'. சிலோன் எதைக் கொடுத்ததோ அதை ஒரு அடி விடாமல் வாசித்திருக்கிறார் மனுஷன்.

அவங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கு. படம் சார்லஸ் தியேட்டருக்கு வந்தா மூணு தடவை போவாங்களாம். கதைக்காக இல்ல, திரைக்குப் பின்னாடி இருக்கிற பெரிய ஸ்பீக்கர்ல பேஸ் டிரம் எங்கே விழுதுன்னு கேக்க. அந்தக் குறிப்பிட்ட பாட்டை மட்டும் மாத்தலையாம். "எல்லாப் பயலும் அந்த அடிக்கு ஆடிப் பழகிட்டான்லே, எடுத்தா ஆட்டம் நிக்கும்"ன்னார்.

டேப்ரிகார்டர் எண்பதுகளில்தான் வீட்டுக்கு வந்தது. ரீவைண்ட் வந்த பிறகு சேர்ந்த பையன்கள் நாலே நாளில் பாட்டைப் பிடித்தார்கள், அந்தக் கூடுதல் அடி இல்லாமல். குழுவில் ரெண்டு கட்சி ஆனதும் அப்போதான். அதைத் தனியா எழுதணும்.

போன ஞாயிறு நேரில் போனேன். வெட்டின ஒலியை மொபைலில் போட்டேன். மாமாவுக்கு இப்போ ஹை-ஹேட் சத்தமே சரியாகக் கேட்பதில்லை, நாற்பது வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்த பலன். ஆனா மூணாவது சுற்றில் விரல் சாப்பாட்டு மேசையில் தட்ட ஆரம்பிச்சது. அந்த அடி வந்தப்போ என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்குல்லா?"

"இருக்கு மாமா."

"அப்ப எழுதிப் போடு மாப்ள."