எம்ஜிபியும் அம்பாசடரும்: ஒரே குடும்பத்து இன்ஜின்

2009ல் கம்பெனி வேலையாக இங்கிலாந்தில் இருந்தபோது என் முதல் காரை வாங்கினேன். 1972ல் தயாரான எம்ஜிபி. மேல்கூரையை மடக்கிவிடலாம், இரண்டே பேர்தான் உட்காரலாம். அப்போது அங்கே 1973க்கு முன் தயாரான வண்டிக்கு சாலை வரி இல்லாமல் இருந்ததும் ஒரு சாக்கு. ஆனால் உண்மையான காரணம் வேறு. விற்பவர் பானெட்டைத் திறந்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சித்தப்பாவின் அம்பாசடர் இன்ஜின் மாதிரியே இருந்தது!

பிறகு தேடிப் படித்தபோதுதான் அது வெறும் மாதிரி இல்லை, சொந்தம் என்று புரிந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் இன்ஜின், 1489 சிசி அளவில் 1954ல் ஆஸ்டின், மோரிஸ் குடும்பக் கார்களில் வந்தது. அடுத்த வருஷமே இரண்டு கார்புரேட்டர் பொருத்தி எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். 1962ல் எம்ஜிபிக்காக அதையே 1798 சிசியாக்கினார்கள். நம்ம அம்பாசடர் முதலில் சைடு வால்வு இன்ஜினோடு வந்து, சீக்கிரமே இந்த 1489 சிசிக்கு மாறியது. கல்யாண வீட்டுக்குப் போன வண்டிக்கும் பந்தயத்துக்குப் போன வண்டிக்கும் ஒரே குலதெய்வம்.

அதனால் இன்ஜின் எனக்குத் தொந்தரவே தரவில்லை. டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், ஃபீலர் கேஜ் இருந்தால் போதும். இரண்டு எஸ்யூ கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்கலாம். சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத்தான் அடிக்கடி மறந்துபோவேன்.

அடி வாங்கியது வேறு இடத்தில். எம்ஜிபிக்கு தனி சேஸிஸ் இல்லை, பாடியேதான் சேஸிஸ். கூரையும் இல்லாததால் வண்டியின் பலமெல்லாம் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற தகட்டில் இருக்கிறது. சில் என்பார்கள். துரு முதலில் தின்பதும் அதைத்தான். இன்ஜினைப் பார்த்து மயங்கிய நான் முட்டி போட்டு அதைப் பார்க்கவே இல்லை. வருடாந்திர சோதனையில் பெயின்டுக்குக் கீழே முழுக்க பட்டி என்று தெரிந்தது. வண்டி நடுவில் லேசாகத் தொய்ந்து, கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது. அதை ஹின்ஜ் தேய்மானம் என்று நினைத்திருந்தேன். பிஈ படித்தவன்!

1980லேயே நின்றுபோன காருக்குத் தகடு எங்கே கிடைக்கும்? கிடைத்தது. 5 லட்சத்துக்கும் மேல் ஓடிய மாடல், அதனால் பாகங்களுக்கு எப்போதும் சந்தை உண்டு. 1988ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து முழு எம்ஜிபி பாடியையே புதுசாக அடிக்க ஆரம்பித்தது. தொழிற்சாலை மூடி எட்டு வருஷம் கழித்து! எனக்கு முழு பாடி வாங்க வசதியில்லை. கதவுச் சந்தில் இரும்புக் கம்பி கொடுத்து, வண்டி வளையாமல் நிறுத்தி, இரண்டு பக்கமும் புது சில் வெல்டிங் செய்தார்கள். கார் விலையில் பாதிக்கு மேல் ஆனது. கதவு ஒரு விரலால் சாத்தியது.

2012ல் ஊர் திரும்பும்போது விற்றேன். வாங்க வந்த பையன் நேராக பானெட்டைத் திறக்கப் போனான். "அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் கீழே குனி" என்றேன்.