ஐந்நூற்றி ஒண்ணாவது யூனிட்

2022 செப்டம்பர் வரைக்கும் தமிழ்நாட்டில் ஒரே ஒரு யூனிட் கரண்டின் விலை 656 ரூபாய் 60 பைசாவாக இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானதும் வீடுகளுக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கினார். அதற்குப் பிந்தைய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு நிலைக்கட்டணத்தோடு 1,130 ரூபாய். 501 ஆகிவிட்டால் 1,786 ரூபாய் 60 பைசா. ஏனென்றால் கோட்டைத் தாண்டியதும் 101-வது யூனிட்டிலிருந்தே விலை மாறும்: 2 ரூபாய் 3.50 ஆகும், 3 ரூபாய் 4.60 ஆகும்.

பட்டினப்பாக்கத்தில் அம்மா இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தாள். ரீடிங் எடுத்த தேதியை காலண்டரில் வட்டம் போடுவாள். ஐம்பதாம் நாள் டார்ச்சோடு மீட்டர் பெட்டிக்குப் போவாள். 420 என்றால் ராத்திரி ஏசி உண்டு. 470 என்றால், "கடல் காத்து வருதே, ஜன்னலைத் திற." மே மாதத்தில் அந்தக் காற்று மதியத்துக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தள்ளி வந்தால் எல்லா சிக்கனமும் வீண்.

கலிபோர்னியாவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு வேறு மின் நிறுவனங்கள் கரண்ட் தரும் எல்லைப் பகுதி ஒன்றை கோய்ச்சிரோ இட்டோ ஆராய்ந்தார். ஜனங்கள் கடைசி யூனிட்டின் விலையைப் பார்ப்பதில்லை, சராசரி விலைக்குத்தான் அசைகிறார்கள் என்று 2014-ல் எழுதினார். அங்கே விலை படிப்படியாக ஏறுவது. இங்கே இருந்தது மதில்சுவர். அம்மாவை அவர் பார்த்திருக்க வேண்டும்!

2022-ல் சுவரைக் குட்டையாக்கினார்கள்: 500-க்கு 1,725, 501-க்கு 1,958. ஆனால் தரையையே மேலே தூக்கிவிட்டார்கள். பழைய 501-க்கும் புதிய 500-க்கும் வித்தியாசம் அறுபத்திச் சொச்ச ரூபாய்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த இலவசமும் சலுகையும் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. சென்னையில் சப் மீட்டர் வைத்த ஒண்டுக்குடித்தனங்களில், ஓனர் சொல்கிற ஒரே ரேட்தான் முதல் யூனிட்டுக்கும். எங்கள் பக்கத்துப் போர்ஷன் அக்கா ஃபேனைக்கூட எண்ணித்தான் போடுவார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்கூடத் தாண்டாத வீடு. அரசுக் கணக்கில் அவருக்குக் கரண்ட் இலவசம். அவர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்.