இலகுவகை லினக்ஸ் பணிமேடைகளில் சாளர மேலோட்டம்

சாளர மேலோட்டம் என்பது கணினியில் திறந்திருக்கும் எல்லாச் சாளரங்களையும் சிறிதாக்கி, ஒன்றையொன்று மறைக்காதபடி ஒரே திரையில் பரப்பிக் காட்டும் வசதியாகும். வேண்டிய சாளரத்தின் படத்தைச் சொடுக்கினால் அது முன்னால் வரும். புதிய கணினிகளில் இவ்வசதி இன்று இயல்பானது. குறைந்த நினைவகத்தில் இயங்குவதற்கென்றே உருவான இலகுவகை லினக்ஸ் பணிமேடைகளில் இதைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. அரசு வழங்கிய மடிக்கணினிகளையும் பழைய கணினிகளையும் கொண்டு மாணவர்கள் படிக்கும் காவிரிப் படுகை போன்ற பகுதிகளில் இது நேரடிப் பயன்பாடு சார்ந்த சிக்கலாகும்.

தோற்றம்

1986இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆஸ்டின் ஹென்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 'ரூம்ஸ்' என்னும் அமைப்பை வெளியிட்டனர். ஒவ்வொரு பணிக்கும் உரிய சாளரங்களை ஓர் 'அறை'யில் வைத்து, எல்லா அறைகளையும் சிறு வடிவில் ஒன்றாகக் காணும் வசதி அதில் இருந்தது.

லினக்ஸ் பயனர்களிடையே 1993இல் ராபர்ட் நேஷன் உருவாக்கிய எஃப்விடபிள்யூஎம் என்ற சாளர மேலாளர் பரவியது. அப்போதிருந்த டிடபிள்யூஎம் அதிக நினைவகத்தை எடுத்துக்கொண்டதால், அதன் நிரலைச் சுருக்கி அவர் இதை அமைத்தார். இதன் 'பேஜர்' மெய்நிகர் பணிமேடைகளைச் சிறு வரைபடமாகக் காட்டியது. ஆனால் சாளரங்கள் அதில் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன, உள்ளடக்கம் தெரியவில்லை. 2003 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3இன் 'எக்ஸ்போசே', சாளரங்களின் உண்மையான தோற்றத்தையே சிறிதாக்கிக் காட்டியது.

நினைவகச் சிக்கல்

லினக்ஸ் பயன்படுத்திய எக்ஸ் சாளர அமைப்பில், மறைந்திருக்கும் சாளரப் பகுதியின் படம் பொதுவாக எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. சாளரம் மீண்டும் வெளியே தெரியும்போது அந்தந்தச் செயலியே அதைத் திரும்ப வரையும். நினைவகத்தை மிச்சப்படுத்தும் இம்முறையில், மறைந்துள்ள சாளரத்தைச் சிறிதாக்கிக் காட்டப் படமே இருக்காது.

இதற்குத் தீர்வாகக் கீத் பேக்கர்டு உள்ளிட்டோர் உருவாக்கிய 'காம்போசிட்', 'டேமேஜ்' நீட்சிகள் 2004 செப்டம்பரில் எக்ஸ்.ஆர்க் 6.8 பதிப்பில் இடம்பெற்றன. அவற்றின் வழியே ஒவ்வொரு சாளரத்தின் முழுப் படத்தையும் நினைவகத்தில் தனியே வைக்க முடிந்தது. 1024×768 புள்ளிகள் கொண்ட திரையை நிரப்பும் ஒரு சாளரத்துக்கு, புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 3 மெகாபைட்டு தேவை. பத்துச் சாளரங்களுக்கு 30 மெகாபைட்டு ஆகும். 128 மெகாபைட்டு நினைவகம் கொண்ட கணினியில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

இரு வழிகள்

பெரிய பணிமேடைகள் வரைகலைச் செயலியின் துணையை நாடின. 2006இல் காம்பிஸ், 2008இல் கேடிஈ 4, 2011 ஏப்ரலில் குனோம் 3 ஆகியவை மேலோட்டக் காட்சியுடன் வந்தன. குனோம் 3 இதையே தன் பணிமேடையின் மையமாக்கியது. முப்பரிமாண வரைகலை வசதி இல்லாத கணினிகளுக்கு மேலோட்டம் அற்ற மாற்று முறையே கிடைத்தது. 2013இல் வந்த 3.8 பதிப்பில் அதுவும் நீக்கப்பட்டது.

இலகுவகைப் பணிமேடைகள் மேலோட்டத்தைத் தனி நிரலாகப் பிரித்து வைக்கும் வழியில் சென்றன. 2004இல் தோன்றிய 'ஸ்கிப்பி' சாளரங்களைப் படமெடுத்துப் பரப்பிக் காட்டியது. அதன் 'ஸ்கிப்பி-எக்ஸ்டி' வடிவம் புதிய நீட்சிகளைப் பயன்படுத்தியது. எக்ஸ்எஃப்சிஇ பணிமேடை 2005 ஜனவரியில் வெளியான 4.2 பதிப்பிலேயே, சாளரப் படங்களைத் தொகுத்துத் திரையில் காட்டும் தொகுப்பியைச் சேர்த்தது. ஆனால் வேண்டாதவர் அதை அணைத்துவிடலாம். 2015இல் வந்த 4.12 பதிப்பின் சாளர மாற்றியில் சிறுபடங்கள் இடம்பெற்றன. முழு மேலோட்டத்தை விரும்பியோருக்காக ஸ்டீபன் ஹாலர் 'எக்ஸ்எஃப்டாஷ்போர்டு' என்ற தனி நிரலை எழுதினார். எனினும் அது சார்ந்திருந்த 'கிளட்டர்' நூலகம் பிற்காலத்தில் தனித்துப் பராமரிக்கப்படவில்லை.

தமிழ்நாடும் காவிரிப் படுகையும்

தமிழ்நாட்டில் 2006–07 காலத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் தலைமையில் சூசே லினக்சுக்கு மாறியது. சி-டாக் உருவாக்கிய, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் இவை கிடைத்தன. 2 ஜிகாபைட்டு நினைவகம் கொண்ட இத்தகைய கணினிகள் ஆண்டுகள் செல்லச்செல்லப் புதிய மென்பொருள்களின் பாரத்தைத் தாங்குவதில்லை. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த இலகுவகைப் பணிமேடை ஒரு வழி.

தமிழில் பணிபுரிவோருக்கு மேலோட்டத்தால் தனிப் பயன் உண்டு. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. பணிப்பட்டையில் தலைப்பின் தொடக்கம் மட்டுமே தெரியும். படுகையின் நெல் சாகுபடி பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் 'தஞ்சாவூர் மாவட்டக் குறுவை', 'தஞ்சாவூர் மாவட்டச் சம்பா', 'தஞ்சாவூர் மாவட்டத் தாளடி' என மூன்று அட்டவணைகளைத் திறந்தால், மூன்றும் 'தஞ்சாவூர் மா…' என்றே நிற்கும். மேலோட்டத்தில் அட்டவணை, நிலப்படம், கட்டுரை ஆகியவற்றின் வடிவமே அடையாளமாகிவிடுகிறது.

இன்றைய நிலை

எக்ஸ் அமைப்பின் இடத்தைப் பிடித்துவரும் வேலாண்டில், ஒரு நிரல் மற்றொரு நிரலின் சாளரத்தைத் தானாகப் படமெடுக்க முடியாது. தொகுப்பி அனுமதித்தால்தான் முடியும். இது பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ஸ்கிப்பி போன்ற தனி நிரல்களுக்கு இருந்த வழி இதனால் அடைபடுகிறது. 2024 டிசம்பரில் வெளியான எக்ஸ்எஃப்சிஇ 4.20 வேலாண்டுக்கான சோதனைநிலை ஆதரவுடன் வந்தது. மேலோட்டத்தைத் தொகுப்பிக்குள் சேர்ப்பதா, அதற்கான அனுமதியை மட்டும் தருவதா என்பதைப் பொறுத்தே பழைய கணினிகளில் இவ்வசதி நீடிப்பது அமையும்.