தினைப்புனத்துக் காவல்

குறிஞ்சித்திணையை வகுப்பில் நடத்தும்போது தினைப்புனம் பெரும்பாலும் காதலர் சந்திக்கும் இடமாகச் சுருங்கிவிடுகிறது. தலைவி அங்கே ஏன் இருக்கிறாள் என்று மாணவர் கேட்பதில்லை. நாமும் கேட்கத் தூண்டுவதில்லை. அவள் காவலுக்கு வந்தவள். கதிர் முற்றும் நாட்களில் கிளிகளிடம் தோற்றால் குடும்பத்தின் உணவு போயிற்று.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இவ்வேலையை நுணுக்கமாகவே பதிவு செய்கிறது. மரத்தின்மேல் கட்டிய பரணை அது இதணம் என்கிறது. கிளியோட்டும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. தழல் கையால் சுற்றும்போது ஒலிப்பது. தட்டை, பலவாகப் பிளந்த மூங்கிலைத் தட்டி ஓசையெழுப்புவது. இரண்டையும் நாம் அறிவது நச்சினார்க்கினியர் உரையால்தான். கருவிகள் வழக்கொழிந்தபின் உரைகாரர் இல்லையெனில் சொற்கள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

யானைக்கும் பன்றிக்கும் எதிரான இரவுக் காவல் கானவனுடையது. அகநானூற்று 102ஆம் பாடலில் அவன் கள்ளுண்டு பரணில் கிடக்கிறான். கொடிச்சி கூந்தலைக் கோதியபடி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினைமேய வந்த களிறு கதிரைத் தொடாமல் நின்ற இடத்திலேயே உறங்கிவிடுகிறது. இசையின் பெருமைக்குச் சான்றாகவே இப்பாடலை எடுத்துக்காட்டுவர். எனக்கோ அந்தக் கள்ளுண்ட காவலன் முக்கியமானவன். விழித்திருப்பது எத்தனை கடினம் என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார்.

கொல்லும் பொறியும் அன்று இருந்தது. சிறு பொறியில் பெருங்கல்லைத் தாங்கவைக்கும் அடார் அது. நற்றிணை 119இல் தினையுண்ணும் பன்றிக்காகப் புனவன் வைத்த அடாரில் புலி அகப்படுகிறது. எந்த விலங்கு வருகிறதென்று கல்லுக்குத் தெரியாது.

மின்கம்பிக்கும் தெரிவதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டவிரோதமாக இட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. உடன்வந்த இரு குட்டிகள் பிழைத்தன. கம்பி கட்டுவது குற்றமே, ஐயமில்லை. ஆனால் கம்பி கட்டுபவன், பரணில் உட்கார வீட்டில் ஆளில்லாதவனாகவும் இருக்கலாம். தாளவாடி மலைப்பகுதியில் மக்காச்சோளம் முற்றும் பருவத்தில் உழவர்கள் இன்றும் டார்ச்சும் பட்டாசுமாக இரவுகளைக் கழிக்கிறார்கள். பகல் உழைப்புக்குப் பின்வரும் அந்த விழிப்புக்குரிய கூலி, சோளத்தின் விலையில் சேர்வதில்லை.