மீன் குஞ்சின் முதல் கவளம்

ஒரு பெரிய காட் மீன் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகள் இடும். அத்தனையும் பிழைத்தால் கடலில் தண்ணீருக்கே இடம் இருக்காது! ஆனால் பிழைப்பதில்லை. பொரிந்து வரும் குஞ்சின் வயிற்றில் ஒரு சின்ன மஞ்சள் கருப் பை இருக்கும். அதுதான் தாய் கொடுத்தனுப்பும் கட்டுச்சோறு. வெப்பக்கடல் மீன்களுக்கு அது இரண்டு மூன்று நாள் தாங்கும். குளிர்க்கடல் மீன்களுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். அது தீர்வதற்குள் குஞ்சு தானாக இரை பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கதை முடிந்தது.

கடல் மீன் வளர்ப்பின் வரலாறு என்பதே பெரும்பாலும் இந்தச் சில நாட்களைத் தாண்டப் பட்ட பாடுதான்.

நார்வேயில் டானெவிக் என்ற கப்பல் கேப்டன் 1882-ல் ஃப்ளோடேவிகன் என்ற இடத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். கடலில் காட் மீன் குறைகிறது, எனவே குஞ்சு பொரித்துக் கடலில் விடலாம் என்பது திட்டம். பொரிக்க வைப்பது சுலபமாக இருந்தது. தீனி போடத்தான் வழி தெரியவில்லை. அதனால் கருப் பை தீர்வதற்குள் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். கோடிக்கணக்கில் விட்டார்கள். 1971 வரை விட்டார்கள்! அதனால் மீன்வளம் பெருகியது என்பதற்குத் தெளிவான சான்று கடைசிவரை கிடைக்கவில்லை. முதல் இரை தேடும் நாட்களில் எத்தனை குஞ்சு தப்புகிறது என்பதே பிற்பாடு வலையில் விழும் மீனின் அளவைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை, அதே நார்வேயைச் சேர்ந்த யோஹான் யோர்ட் 1914-ல் முன்வைத்தார்.

சரி, பொடி செய்த தீவனத்தைத் தூவினால் என்ன? அங்கேதான் சிக்கல். பல கடல் மீன் குஞ்சுகளுக்கு அந்த வயதில் இரைப்பை கூட முழுதாக உருவாகியிருக்காது. அசைவதைத்தான் அவை இரையாகப் பார்க்கும். தூவியது அடியில் படிந்து தண்ணீரைக் கெடுக்கும். ஆக, தேவைப்பட்டது உயிருள்ள, நீந்துகிற, வாய்க்குள் நுழைகிற உணவு.

விடை உப்பளங்களில் இருந்தது. இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களில் நீந்தும் ஒரு சிறு இறால் இனத்தை 1755-லேயே விவரித்திருந்தார்கள். அதுதான் ஆர்ட்டீமியா. சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்வின் சீல், இது மீன்களுக்கு ஏற்ற உயிர் உணவு என்று 1933-ல் எழுதினார். நார்வேயின் ரோலெஃப்சன் 1939-ல் இதைக் கொடுத்துக் கடல் மீன் குஞ்சுகளை வளர்த்த முறையை வெளியிட்டார்.

ஆர்ட்டீமியாவின் உண்மையான பெருமை அதன் முட்டையில் இருக்கிறது. உப்பு அதிகமாகிச் சூழல் கெட்டால் அது கெட்டியான ஓடுள்ள முட்டைகளை இடும். அவற்றைக் காயவைத்து டின்னில் அடைத்தால் வருடக்கணக்கில் கெடாது. உப்புத் தண்ணீரில் போட்டால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரியும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள்! உயிருள்ள உணவு, ஆனால் மளிகைச் சரக்கு போல அலமாரியில் வைக்கலாம்.

ஒரு குறை இருந்தது. பொரிந்த ஆர்ட்டீமியா கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளம். பல மீன் குஞ்சுகளின் வாய்க்கு அதுவே பெரிது. அதற்கு விடை ஜப்பானில் கிடைத்தது. அங்கே விலாங்கு மீன் குளங்களில் ரொட்டிஃபர் என்ற நுண்ணுயிர் திடீரெனப் பெருகிப் பாசியைத் தின்றுவிடும். ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும். இந்தத் தொல்லையையே தீனியாக்கலாம் என்று 1960-ல் இட்டோ காட்டினார். இன்றும் பல பொரிப்பகங்களில் முதலில் ரொட்டிஃபர், பிறகு ஆர்ட்டீமியா என்பதே வரிசை.

மலிவாகக் கிடைத்த ரொட்டி ஈஸ்டைப் போட்டு ரொட்டிஃபர் வளர்த்தார்கள். வயிறு நிறையத் தின்றும் மீன் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. கடல் மீனுக்கு அவசியமான ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் ஈஸ்டில் இல்லை என்பதை டகேஷி வாட்டனாபே போன்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் பின் இரைக்கே முதலில் சத்துணவு கொடுத்துவிட்டுக் குஞ்சுக்குக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

இதற்குள் வணிகப் பக்கம் ஒரு நெருக்கடி. ஆர்ட்டீமியா முட்டை முக்கியமாக இரண்டே இடங்களிலிருந்து வந்தது. ஒன்று சான்பிரான்சிஸ்கோ உப்பளங்கள், மற்றது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் லேக் ஏரி. 1970களின் நடுவில் பொரிப்பகங்கள் பெருக, ஏரியில் விளைச்சல் குறைய, சில வியாபாரிகள் செயற்கைத் தட்டுப்பாடும் உண்டாக்க, கிலோ 10 டாலர் அளவில் இருந்த விலை 50, 100 டாலர் என்று ஏறியது. ஏழை நாட்டுப் பொரிப்பகம் எப்படித் தாங்கும்?

1976-ல் ஜப்பானின் கியோட்டோவில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய மாநாட்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பேட்ரிக் சோர்கெலூஸ், இந்தத் தட்டுப்பாடு தற்காலிகமானது என்று வாதிட்டார். உப்பளம் உள்ள நாடுகள் தாங்களே விளைவிக்கலாம் என்றார். 1977-ல் பிரேசிலின் மக்காவ் உப்பளங்களில் ஆர்ட்டீமியா விடப்பட்டது. 1978-ல் கென்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் பிறந்தது. 1980களில் வியட்நாமின் வின் சாவ் உப்பள விவசாயிகளும் இதில் இறங்கினார்கள். அங்கே மழைக்காலத்தில் ஆர்ட்டீமியா அழிந்துபோகும். ஒவ்வொரு கோடையிலும் புதிதாக விட்டு வளர்க்கிறார்கள். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு. அது ஆண் இல்லாமலே இனம் பெருக்கும் வகை!

ஆனாலும் கிரேட் சால்ட் லேக்கின் முக்கியத்துவம் குறையவில்லை. 1980களில் அளவுக்கு மீறிய மழையால் ஏரியின் உப்பு நீர்த்து விளைச்சல் சரிந்தது. 2022 நவம்பரில் நேர்மாறாக, வறட்சியாலும் ஆற்று நீரை வயல்களுக்கும் ஊர்களுக்கும் திருப்பியதாலும், பதிவுகள் தொடங்கியதிலிருந்து மிகத் தாழ்ந்த மட்டத்தை ஏரி தொட்டது. உப்பு ஏறி ஆர்ட்டீமியாவே தாங்குமா என்ற பயம் வந்தது.

செயற்கைத் தீவனம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் பல கடல் மீன்களின் முதல் சில நாட்களுக்கு அது இன்னும் முழு மாற்றாகவில்லை. யூட்டா விவசாயி வயலுக்குத் திருப்பும் ஆற்று நீருக்கும், ஆசியாவில் ஏதோ ஒரு பொரிப்பகத் தொட்டியில் பசியோடு நீந்தும் குஞ்சுக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தக் குஞ்சுகளின் முதல் கவளத்தை ஒரே ஏரியை நம்பி விடலாமா என்பது 1976-ல் எழுந்த கேள்வி. அது இன்னும் தீரவில்லை.