கௌபாய் காதல் ஒலிநூல்

அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்துப் பண்ணைகளில் மாடு மேய்த்து ஜீவனம் நடத்தும் குதிரைக்காரர்களின் காதலையும் துக்கத்தையும் பொருளாகக் கொண்டு, தேர்ந்த வாசிப்பாளரின் குரலில் பதிவு செய்யப்படும் கதைவகை இது.

உள்நாட்டுப் போர் முடிந்தபின், டெக்சாஸிலிருந்து கான்சாஸ் மாநிலத்து ரயில் நிலையங்களுக்கு மாட்டு மந்தைகளை மாதக்கணக்கில் ஓட்டிச் சென்ற இளைஞர்களின் வாழ்வே இதற்கு ஊற்று. மெக்ஸிகோவில் வாக்கேரோக்கள் எனப்பட்ட குதிரை மேய்ப்பர்களிடமிருந்து தொழில்முறை அவர்களுக்கு வந்தது. அவர்களுள் கறுப்பினத்தவரும் பலர் இருந்தனர். இராக்காலத்தில் மந்தை மிரண்டு ஓடாதிருக்கும்பொருட்டு, காவல் முறைக்காரர்கள் அதைச் சுற்றிக் குதிரையில் வந்தவாறே தாழ்ந்த குரலில் பாடுவது வழக்கம். அப்பாடல்களில் வழியில் மாண்டுபோன தோழர்களைப் பற்றியவை அநேகம். நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் 1910-இல் அவற்றைத் தொகுத்துப் பிரசுரித்தார். ஆகவே, இக்கதைகள் அச்சிலிருந்து குரலுக்கு வந்ததைப் புதுமை என்பதைவிட, பிறந்த வீட்டுக்குத் திரும்பியது என்பதே பொருந்தும்.

முள்கம்பி வேலியும் 1886-87-ஆம் ஆண்டின் கொடும் பனிக்காலமும் திறந்தவெளி மேய்ச்சலை முடித்துவைத்த பிறகுதான் நாவல்கள் பெருகின. 1902-இல் வெளிவந்த ஓவன் விஸ்டரின் ‘தி வர்ஜீனியன்’ அவற்றுள் தலையாயது. வையோமிங் பண்ணையாள் ஒருவனும் வெர்மான்டிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை மோலியும் கொள்ளும் காதலே அதன் கதை என்றாலும், படித்தோர் மனத்தில் நிலைப்பது வேறொரு கட்டம். மாடு திருடிய உயிர்த்தோழன் ஸ்டீவைக் கதாநாயகனே முன்னின்று தூக்கிலிட நேர்கிறது. மற்றவர்களிடமெல்லாம் விடைபெற்ற ஸ்டீவ் இவனிடம் மட்டும் ஒரு சொல்லும் பேசாமல் மடிகிறான். பேச வாயெடுத்தால் குழந்தைபோல் அழுதுவிடுவோமென்று அஞ்சியே மௌனம் காத்ததாக அவன் செய்தித்தாளொன்றில் பென்சிலால் எழுதி வைத்திருந்தது பின்னரே தெரியவருகிறது. காதற்கதைக்குள் இத்தகைய பாரத்தை ஏற்றியதே விஸ்டர் செய்த பெருங்காரியம். மொன்டானாவில் வாழ்ந்த பெர்த்தா மஸ்ஸி, பி. எம். பவர் என்ற பெயரில் 1906-இல் வெளியிட்ட நாவலோ ஒரு பெண் மருத்துவரைப் பண்ணைக்கு அழைத்து வந்தது.

இக்கதைகளைக் குரலுக்குக் கொண்டுவந்த ஒலிநூலோ முதலில் பார்வையற்றோருக்காகத் தோன்றியது. அமெரிக்கக் காங்கிரஸ் 1931-இல் அவர்களுக்கான நூலகத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. 1934-இல், ஒரு பக்கம் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளில் பேசும் புத்தகங்கள் வந்தன. ஒலிநாடாவும், 1995-இல் தொடங்கிய ஆடிபிள் நிறுவனமும் அவற்றைப் பொதுமக்களிடம் சேர்த்தன.

விஸ்டர் ஏற்றிய துக்கத்தின் பாரம் பின்வந்த கதைகளிலும் தொடர்ந்தது. 1997-இல் வெளிவந்த ஆனி புரூவின் ‘புரோக்பேக் மவுன்டன்’ சிறுகதையில், இறந்த நண்பனின் அறையில் தன் பழைய சட்டை அவன் சட்டைக்குள் பொதிந்து தொங்குவதைக் காண்கிறான் கதாநாயகன் என்னிஸ். ஆண்கள் இருவரின் வெளியிடமுடியாத காதல் அந்த ஒரு பொருளிலேயே முழுதும் புலப்படுகிறது.

இன்றைய ஒலிநூல்களில் மனைவியை இழந்தோர், போர்முனையிலிருந்து மனக்காயத்தோடு மீண்டோர், குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார் ஆகியோர் பிரதான பாத்திரங்களாகின்றனர். ஆண் கூறும் அத்தியாயத்தை ஆணும் பெண் கூறுவதைப் பெண்ணும் வாசிப்பது பெருவழக்காயிற்று. வாசிப்பவர் தாமே விம்மத் தொடங்கினால் கேட்பவருக்கு அழ இடமில்லாது போகும். ஸ்டீவைப் போல் பேச்சடங்கிய மாந்தர்க்கு, ஏற்ற இறக்கம் குறைந்த, இடைவெளிகளை அவசரமின்றி விட்டுச் செல்லும் குரலே உகந்தது.