செயின்சா வாங்கப் போறீங்களா? ‘சிசி’ மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் தெருவில் கேட்கும் முதல் சத்தம் மரம் அறுக்கும் மெஷினுடையதுதான். 2016-ல் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையிலும், 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவிலும் சாய்ந்த மரங்களை அகற்ற செயின்சாக்கள் நாள்கணக்கில் ஓடின.

இப்போது தோப்பு வைத்திருப்பவர்களும் சொந்தமாக வாங்குகிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் 52 சிசி, 58 சிசி, 62 சிசி என்று வரிசையாக நிற்கும். எதை வைத்து முடிவு செய்வது?

சிசி அதிகம்னா பவர் அதிகமா?

கட்டாயமில்லை. சிசி என்பது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே. உண்மையான பவரை கிலோவாட்டில் பார்க்க வேண்டும். ஸ்டில் நிறுவனத்தின் மூன்று தொழில்முறை மாடல்களின் விவரம் இது:

• எம்எஸ் 261: 50.2 சிசி, 3.0 கிலோவாட், 4.9 கிலோ
• எம்எஸ் 500ஐ: 79.2 சிசி, 5.0 கிலோவாட், 6.2 கிலோ
• எம்எஸ் 661: 91.1 சிசி, 5.4 கிலோவாட், 7.4 கிலோ

எம்எஸ் 661-ஐ விட எம்எஸ் 500ஐ சுமார் 12 சிசி சிறியது. ஆனால் பவரில் குறைவு 0.4 கிலோவாட்தான். எடையோ 1.2 கிலோ குறைவு. இதில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. நாள் முழுக்க மெஷினைத் தூக்கிப் பிடிப்பவருக்கு 1.2 கிலோ சின்ன விஷயமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த எடையில் பெட்ரோல், பார், செயின் சேராது. மூன்றும் சேர்ந்தால் கையில் வரும் பாரம் இன்னும் கூடும்.

சரியாக சோதிப்பது எப்படி?

ஒரே மரத்துண்டு, ஒரே நீள பார், ஒரே வகை புது செயின். ஒவ்வொரு மெஷினிலும் குறைந்தது மூன்று முறை அறுத்து, சராசரி நேரத்தை எடுக்க வேண்டும். அழுத்தம் கொடுக்கக் கூடாது, மெஷின் தன் எடையிலேயே இறங்கணும். ஒன்றுக்குப் புது செயின், இன்னொன்றுக்குப் பழைய செயின் போட்டால் அந்த ஒப்பீடே செல்லாது.

காரணம், அறுப்பது எஞ்சின் அல்ல, செயின் பல். இன்றைய செயின் பல்லின் வடிவம் 1947-ல் அமெரிக்காவின் ஓரிகானில் ஜோசப் காக்ஸ் உருவாக்கியது. மரத்தைத் துளைக்கும் வண்டுப்புழுவின் தாடையைப் பார்த்து அந்த யோசனை வந்தது.

செயின் கூர்மையாக இருந்தால் சீவல் சீவலாக வெளியே வரும். மாவு மாதிரி தூள் வந்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். தென்னை மரம் செயினைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். மண் ஒட்டிய மரமும் அப்படித்தான். அரம் போடத் தெரியாமல் பெரிய மெஷின் வாங்கிப் பயனில்லை.

கைக்கும் காதுக்கும் என்ன ஆகும்?

அதிர்வு அதிகமான மெஷினைப் பல வருடம் பிடித்தால் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 8 மணி நேர வேலைக்கு அதிர்வின் உச்சவரம்பு வினாடிக்கு வினாடி 5 மீட்டர். 2.5-ஐத் தாண்டினாலே முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்கணும். சத்தமோ 100 டெசிபலைத் தாண்டும். காதுக் கவசம் இல்லாமல் ஓட்டவே கூடாது.

உயிரைப் பறிக்கும் ‘கிக்பேக்’

பாரின் நுனியில் மேல் பாதி எதிலாவது பட்டால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். இதுதான் கிக்பேக். செயின் ஓடும் வேகம் வினாடிக்கு சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். கை தடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதைத் தடுக்கவே செயின் பிரேக் இருக்கிறது. முன்பக்கக் கைக்காப்பை முன்னால் தள்ளியதும் செயின் சட்டென நிற்கணும். தாமதமாக நின்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மெஷின் வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

• பவர் எத்தனை கிலோவாட்? பார், செயின், பெட்ரோலோடு எடை எவ்வளவு?
• செயின் பிரேக்கை ஓட்டிக் காட்ட முடியுமா?
• கைப்பிடியில் அதிர்வு எவ்வளவு?
• செயினும் உதிரிபாகமும் பக்கத்து ஊரில் கிடைக்குமா?
• பெட்ரோலில் 2டி ஆயில் எவ்வளவு? 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மாற்றிக் கலந்தால் எஞ்சின் பாழ்.

கிளை கழிக்கவும் விறகு அறுக்கவும் சிறிய, எடை குறைந்த மெஷினே போதும். அடிமரம் அறுப்பதைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் 70 சிசிக்கு மேல் தேவைப்படும். எதை வாங்கினாலும் ஹெல்மெட், முகக் கவசம், செயின்சா பேன்ட் ஆகியவற்றுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அந்த பேன்ட்டுக்குள் இருக்கும் நீள இழைகள் செயினில் சிக்கி அதை நிறுத்தும். தொடைக்கும் பல்லுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.